ஒரு சென்டி கூடுதல்

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன் என்பதால் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கழுத்து வலி. கூடவே தாடையும்.

உன் அண்ணன் போன அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் உன்னிடம் கேட்டது உனக்கு மறந்திருக்காது. "கழுத்து வலிக்குது, தாடை வலிக்குதுன்னு முந்தின நாள் உனக்குத்தானே போன் பண்ணாரு? வேற என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? மோவாயை உள்ள இழுங்கண்ணேன்னு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்தியே, நீயெல்லாம் என்ன படிச்ச?" என்றேன். நெஞ்சிலிருந்து வந்த வலியைக் கழுத்து வலி என்று நினைத்துவிட்டாய் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள இப்போது எழுதவில்லை.

எட்டு மாதமாக எனக்கும் அதே இடத்தில் வலிக்கிறது. தாடை டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது கழுத்துத் தசையும் தாடை மூட்டும் செய்கிற வேலை, பயிற்சிதான் மருந்து என்றார். பக்கத்துத் தெருவில், உன்னுடையது மாதிரியே, ஒரு பிசியோதெரபி க்ளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் என் மோவாயில் இரண்டு விரலை வைத்து உள்ளே தள்ளச் சொன்னாள். உன் அண்ணனுக்கு நீ சொன்ன அதே பயிற்சி. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு யோசித்தேன். அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் அதில் ஒரு தடவை தப்பு செய்தவளிடம் கற்றுக்கொள்வது மேல். இரண்டாம் தடவை நீ கவனமாக இருப்பாய்.

இப்போது வாய்க்குள் கரண்டி போகிறது, ஆப்பிள் போகாது. தையல் மிஷினில் குனிந்தால் பின்கழுத்தில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். இரண்டு மாதத்தில் வாய் மூன்றரை சென்டி திறக்காவிட்டால் மூட்டுக்குள் ஊசி விட்டுக் கழுவ வேண்டும் என்கிறார் டாக்டர். உன் அண்ணன் போன பிறகு எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது.

போன் செய்யாதே. பத்து வார்த்தை பேசினால் காது வரை இழுக்கிறது. துணி வெட்டும் மேசை இடுப்பு உயரம், அதன் முன் நின்றபடி எழுதினால் கழுத்து சும்மா இருக்கிறது. அதனால் கடிதம்.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எதை வைத்துச் சொன்னார்? எனக்கு ஈ.சி.ஜி. நகல் வேண்டும். வாய்வார்த்தை போதாது. மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறதா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா? கை மரத்துப்போகிறதா? நடக்கும்போது கால் தள்ளாடுகிறதா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போதெல்லாம் எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். போன வாரம் கணுக்கால் சுளுக்கு என்று வந்தவரிடமும் கேட்டேன். கூட வேலை செய்பவர்கள் எனக்கு ஈ.சி.ஜி. அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நகல் வராமல் ஒரு பயிற்சியும் சொல்லமாட்டேன்.

நீங்கள் அன்று கேட்டதை இன்றும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.


பிப்ரவரி 15

நாத்தனாருக்கு,

நகல் இத்துடன் இருக்கிறது. மலையும் பள்ளமுமாக ஏதோ கோடு. எனக்கு அது நெளிந்த தையல் மாதிரி தெரிகிறது, டாக்டர் நேர்த்தியாக இருக்கிறது என்கிறார்.

மாடி ஏறினால் ஒன்றும் இல்லை. வியர்க்கவில்லை. கால் தள்ளாடவில்லை. மெல்லும்போதும், கொட்டாவி விடும்போதும், வாடிக்கையாளர் வந்து நாளைக்கே வேண்டும் என்று சொல்லும்போதும் வலிக்கிறது. காதுக்கு முன்னால் டக் டக் என்று சத்தம் வருகிறது. காலையில் எழும்போது பல்லெல்லாம் யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்தது போல இருக்கிறது.

மாடி, வியர்வை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தை மடித்து நூல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. அதனால்தான் தாமதம்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

ஈ.சி.ஜி.யை நானும் பார்த்தேன், இங்கே இதய மருத்துவர் ஒருவரிடமும் காட்டினேன். சரியாக இருக்கிறது. இனி ஆரம்பிக்கலாம்.

கழுத்தும் தாடையும் ஒரே வீட்டு ஆட்கள். ஒருவர் முறுக்கிக்கொண்டால் மற்றவர் சாப்பிடமாட்டார். நீங்கள் நாள் முழுக்கத் தலையை முன்னால் நீட்டி, வாயில் குண்டூசியைப் பற்களால் கடித்துப் பிடித்தபடி வேலை செய்கிறீர்கள். இருபத்தெட்டு வருடம். தாடை இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிய விஷயம்.

முதல் பயிற்சி, சும்மா இருப்பது. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வையுங்கள். உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. மெல்லும்போது மட்டும்தான் அவை சந்திக்கலாம். மறந்துபோகும், அதனால் மிஷின், கண்ணாடி, தண்ணீர்க் குழாய் என்று கண் போகிற இடமெல்லாம் சிவப்பு நூல் கட்டுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரியுங்கள்.

இரண்டாவது, நாக்கை அந்த இடத்திலிருந்து எடுக்காமல் கண்ணாடியைப் பார்த்து மெல்ல வாயைத் திறந்து மூடுங்கள். மோவாய் பக்கவாட்டில் ஓடாமல் நேராக இறங்க வேண்டும். ஆறு முறை, ஒரு நாளில் ஆறு வேளை. அதற்கு முன் வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்திலும் பின்கழுத்திலும் கால் மணி நேரம் வையுங்கள்.

மூன்றாவது, நீங்கள் எழுந்து வந்த அதே பயிற்சி. சுவரில் முதுகை ஒட்டி நின்று, மேசை இழுப்பறையை மூடுவது போல மோவாயை நேராகப் பின்னால் தள்ளுங்கள். கீழே பார்க்காதீர்கள். ஐந்து எண்ணி விடுங்கள். அதோடு தோள்பட்டை எலும்பு இரண்டையும் முதுகில் நெருக்கிப் பிடித்து விடுங்கள். இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனாலும் உங்கள் கழுத்துக்கு இதுதான் சரி.

வாரம் ஒருமுறை டேப்பை வைத்து மேல் பல் நுனியிலிருந்து கீழ்ப் பல் நுனி வரை அளந்து எனக்கு எழுதுங்கள். சென்டிமீட்டரில். உங்களை நான் நேரில் பார்க்க முடியாது, அந்த எண்தான் எனக்குக் கண்.

வாயில் ஊசி வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.


மார்ச் 5

எலும்புக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. நாத்தனாருக்கு, நாத்தனாருக்கு என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் எலும்பும் தோலுமாக இருந்தாயாம், பிறகு எலும்பு வைத்தியத்துக்கே படிக்கப் போய்விட்டாய் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அளவு 3.2.

கடை முழுக்கச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். எதிர்க்கடை இஸ்திரிக்காரர் நேற்று வந்து, "என்னக்கா, காலைலேருந்து கண்ணாடியைப் பார்த்து வாயைத் தொறந்து தொறந்து மூடுறீங்க, யாரைத் திட்டிப் பழகுறீங்க?" என்றார். என் நாத்தனாரை என்று சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

சும்மா இருக்கும் பயிற்சிதான் இருப்பதிலேயே கஷ்டம். பல்லைப் பிரிக்கச் சொல்கிறாய், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இந்த மூன்று வருடத்தை ஓட்டியிருக்கிறேன். பிரித்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கை துறுதுறு என்று எதையாவது தேடுகிறது. ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது உடம்பு. மிஷினிலிருந்து மேசை, மேசையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மிஷின்.

ஊசியை வாயில் வைக்காமல் எங்கே வைப்பது? மேசையில் வைத்தால் உருளுகிறது, துணியில் குத்தினால் மறந்துபோகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு இடுப்பில் குத்திவிட்டது.

ஆனால் கழுத்து கொஞ்சம் இளகியிருக்கிறது. சுவரில் நின்று மோவாயைத் தள்ளும்போது அழுகை வருகிறது. அது பயிற்சியில் சேர்ந்ததா?

அண்ணி


மார்ச் 10

அண்ணி,

3.2 நல்ல அளவு. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். படித்ததும் எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

அழுகை பயிற்சியில் சேர்ந்ததில்லை. வந்தால் வரட்டும், பல் மட்டும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு ஒரு வழி சொல்கிறேன். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சின்னப் பஞ்சுத் திண்டு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் தையல் சொல்லித் தருவதா என்று திட்டாதீர்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். போன வருடம் தூக்கத்தில் கடித்துக் கடித்து என் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துவிட்டது. பல் டாக்டர், "நீங்களே தாடைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவங்களாச்சே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போன் மணி அடித்தால் எடுப்பதில்லை. க்ளினிக்கில் என் போனை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். யாராவது கழுத்து வலி என்று உள்ளே வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நெற்றியைத்தான் பார்க்கிறேன், வியர்த்திருக்கிறதா என்று.

எலும்பு என்று கூப்பிடலாம்.


மார்ச் 24

எலும்புக்கு,

அளவு 3.6. டாக்டர் கேட்ட மூன்றரை தாண்டிவிட்டது. இனி மூட்டுக்கு ஊசி வேண்டாம் இல்லையா?

மணிக்கட்டுத் திண்டு தைத்துவிட்டேன். உன் அண்ணன் கடைசியாக வெட்டிய நீலச் சீருடைத் துணியில் மிச்சம் கொஞ்சம் இருந்தது, அதில்தான். முதல் இரண்டு நாள் கை தானாக வாய்க்குப் போனது. ஊசியோடு உதடு வரை போய், சிவப்பு நூலைப் பார்த்து, திரும்பியது. இஸ்திரிக்காரர், "திருடன் கை வைக்கப் போயி போலீசைப் பார்த்த மாதிரி இருக்கே அக்கா" என்கிறார்.

வாயில் ஊசி இல்லாததால் ஒரு தொந்தரவு. முன்பெல்லாம் யார் என்ன கேட்டாலும் ம், ம்ஹூம் என்று தலையாட்டினால் போதும். இப்போது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கும் ஒன்று எழுத வேண்டும் என்று நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். மேசைக்கு வருகிறேன், பேனாவை எடுக்கிறேன், பிறகு துணியை எடுத்துவிடுகிறேன். சரி, விடு. வேறு நாள் பார்க்கலாம்.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

3.6 என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஊசி வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்போதைய அளவைப் பிடித்து வைக்க நாம் ஒன்று செய்யலாம்.

ஐஸ் குச்சி வாங்கிச் சுத்தமாகக் கழுவிக் காயவையுங்கள். ஒரு குச்சி இரண்டு மில்லிமீட்டர். பதினைந்தை அடுக்கினால் மூன்று சென்டி. உங்கள் அளவுக்கு அது தாராளமாக உள்ளே போகும். முன்பற்களுக்கு நடுவில் அடுக்கை வைத்துத் தாடையைத் தளர்த்தி அரை நிமிடம் இருந்துவிட்டு எடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு குச்சி கூட்டலாம். வலித்தால் நிறுத்துங்கள். தள்ளக்கூடாது.

நீங்கள் எதையோ எழுத வந்து நிறுத்தினீர்கள். நான் நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

அன்று அண்ணன் போன் செய்தது மத்தியானம். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் எனக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கழுத்து வலி, தாடையும் இழுக்கிறது என்றார். பின்னால் கத்திரிச் சத்தம் கேட்டது. குனிந்து வெட்டுகிறவருக்கு வேறு என்ன வரும் என்று நினைத்தேன். மோவாயை உள்ளே இழுக்கச் சொன்னேன். இவ்வளவும் தெளிவாக நினைவிருக்கிறது. நடுவில் ஒரு இடம் மட்டும் இல்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேனா? மூன்று வருடமாக அந்த ஐந்து நிமிடத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். சில நாள் கேட்டது போல இருக்கிறது. சில நாள், கேட்டது போல நானே கற்பனை செய்துகொண்டேன் என்று தோன்றுகிறது.

அண்ணன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் நான் கேட்கவில்லை. இப்படித்தான் முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் அன்று கேட்டது சரிதான் அண்ணி.

ஏப்ரல் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். உங்கள் வாய் முழுசாகத் திறந்ததும் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நீங்கள்தான் என் கடைசி நோயாளி.

எலும்பு


ஏப்ரல் 6

எலும்பு,

வாய் பூட்டிக்கொண்டது. நேற்றுக் காலையிலிருந்து. ஒரு விரல்தான் போகிறது. பதினைந்து குச்சி நுழையவில்லை. பதின்மூன்று போனது. நீ பதினைந்து என்று எழுதியிருந்தாய், அதனால் நடுவில் இரண்டைச் செருகினேன். டக் என்று ஒரு சத்தம். கன்னம் வீங்கியிருக்கிறது. பாலை உறிஞ்சிக் குடிக்கிறேன்.

உன் மேல் தப்பு இல்லை. அதை முதலில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். எல்லாப் பயிற்சியையும் நிறுத்துங்கள். குச்சியைத் தூக்கி எறியுங்கள். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. இன்றே தாடை டாக்டரிடம் போங்கள், வாசனை பிடிக்கவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் சொல்லும்வரை எதையும் மெல்லாதீர்கள்.

எனக்குப் புரியவில்லை. 3.6 திறக்கிற வாய்க்குள் மூன்று சென்டி அடுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பதின்மூன்றில் நின்றது என்றால் உங்கள் வாய் திறந்ததே 2.6 தான். எப்படி அளந்தீர்கள்? டேப்பை எங்கே வைத்தீர்கள்? எனக்கு எழுதியதற்கும் நீங்கள் பார்த்ததற்கும் நடுவில் ஒரு சென்டி எங்கிருந்து வந்தது?

நான் பார்க்காமல், கேட்டதை நம்பி இன்னொரு தடவை பயிற்சி சொல்லியிருக்கிறேன். தபால் ஆபீசில் நின்றபடி எழுதுகிறேன். எழுத்து சரியில்லாததற்கு மன்னியுங்கள்.

உண்மையான அளவைச் சொல்லுங்கள்.

எலும்பு


ஏப்ரல் 15

எலும்பு,

டாக்டரிடம் போனேன். மூட்டுக்குள் இருக்கும் வட்டு விலகியிருக்கிறதாம், மெல்லத் திரும்பும், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். "பயிற்சி சொன்னவங்க மேல தப்பில்லை, நீங்க ஏன் தள்ளினீங்க?" என்று திட்டினார்.

அளந்தது சரியாகத்தான் அளந்தேன். தப்பு எழுதியதில். இருபத்தெட்டு வருடமாக அளவு நோட்டில் உடம்பின் அளவை நான் அப்படியே எழுதியதில்லை. மார்பு முப்பத்தாறு என்றால் கை தானாக முப்பத்தெட்டு எழுதும். லூஸ் விடாமல் தைத்தால் சட்டை போட்டவர் மூச்சு விட முடியாது. நான் லூஸ் சேர்த்துத்தான் எழுதியிருப்பேன் என்று உன் அண்ணனுக்குத் தெரியும், அதைப் பார்த்து அப்படியே வெட்டுவார். டேப்பில் 2.2 பார்த்தேன், உனக்கு 3.2 எழுதினேன். முதல் தடவை பழக்கம். சத்தியமாகப் பழக்கம். இரண்டாம் தடவை 2.6 பார்த்து 3.6 எழுதும்போது எனக்குத் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை. டாக்டர் கேட்ட எண் தாண்டியிருந்தது. நீயும் எழுந்து அறையைச் சுற்றி வந்தேன் என்று எழுதியிருந்தாய்.

இன்றைய அளவு 1.7. எதுவும் சேர்க்கவில்லை.

இப்போது இன்னொரு அளவு. இதை மூன்று வருடமாகத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் உன் அண்ணன் வெட்டும் மேசையில் நின்றபடிதான் உன்னிடம் பேசினார். கையில் கத்திரி, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் துணி மேலேயே வைத்திருந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்று ஒரு சீருடைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். வாயில் ஆறு குண்டூசி. நீ பேசியது முழுக்க எனக்குக் கேட்டது.

நீ கேட்டாய்.

"வேற ஏதாவது இருக்காண்ணே? மூச்சு வாங்குதா, வேர்க்குதா?" என்று கேட்டாய். இதே வார்த்தைகள்தான். அவர் என்னைப் பார்த்தார். காலையில் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது தாடை இழுத்தது, சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, நூற்று நாற்பது செட் பாக்கி. உன்னிடம் சொன்னால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பாய், கடை இரண்டு நாள் மூடிவிடும். நான் நினைத்தது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. வாயில் ஊசி இருந்ததால் பேசவில்லை. இரண்டு விரலைக் கத்திரி மாதிரி ஆட்டினேன். எங்கள் கடையில் அதற்கு, பேச்சு போதும், துணியை வெட்டு என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே, "வேற ஒண்ணும் இல்லம்மா எலும்பு" என்றார்.

மறுநாள் வீட்டில் யாரோ என்னிடம், "எப்படி ஆச்சு, எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார்கள். என் கை உன்னைக் காட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம் எலும்பு, மூன்று வருடம் மறைக்கலாம். மேலே உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாடை வலிக்கு இதுதான் காரணம் என்று கதை கட்டிவிடாதே. அது குண்டூசியால் வந்தது, நீயே எழுதியிருக்கிறாய். இதைச் சொன்னதால் வாய் ஒன்றும் திறந்துவிடவில்லை. எழுதி முடித்துவிட்டு அளந்தும் பார்த்தேன், அதே 1.7.

உன் ராஜினாமாவைக் கொடுக்காதே. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கொடுக்காதே.

அண்ணி


ஏப்ரல் 24

எலும்பு,

பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை. தபால்காரர் வரும் நேரம் மட்டும் வாசலுக்கும் மேசைக்கும் நடக்கிறேன்.

அளவு 1.9. எதுவும் சேர்க்கவில்லை.


மே 2

எலும்பு,

டாக்டர் மறுபடி அந்த முதல் இரண்டு பயிற்சியை ஆரம்பிக்கச் சொன்னார். நீ எழுதிய தாளைப் பார்த்துத்தான் செய்கிறேன்.

அளவு 2.1. எதுவும் சேர்க்கவில்லை.


மே 10

அளவு 2.3.

இன்று காலையில் 2.4 எழுதலாமா என்று கை கேட்டது. எழுதவில்லை.


மே 14

அண்ணி,

உங்கள் கடிதத்தை க்ளினிக்கில் வைத்துப் படித்தேன். ஒருவர் கழுத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டுவிட்டு, அது ஆறுவதற்குள் படித்துவிடலாம் என்று பிரித்தேன். துண்டு ஆறிப்போய், அவர் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது எதுவும் கேட்கவில்லை. பிறகு தெருவில் இறங்கி நடந்தேன். எங்கே திரும்பினேன் என்று தெரியாது. கால் வலித்த பிறகுதான் நின்றேன்.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் இருந்ததையெல்லாம் நீங்கள் படிக்க வேண்டாம்.

கேட்டேனா, கேட்கவில்லையா என்று என்னையே மூன்று வருடம் விசாரித்தேன். பல் பிளந்தது. போனை எடுக்கப் பயந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, யாராவது உங்களை மாதிரியே கேட்டுவிடுவார்கள் என்று. அதற்கெல்லாம் பதில் உங்கள் வாயில், ஆறு குண்டூசிக்குப் பின்னால் இருந்திருக்கிறது. எனக்கு உங்கள் மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது, போகும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

ஆனால் கேட்டேன். அந்த வரியைத் தினமும் ஒருமுறை எடுத்துப் படிக்கிறேன். இப்போது அந்த ஐந்து நிமிடத்தில் காணாமல் போன இடமும் நினைவுக்கு வருகிறது. அண்ணன் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி சும்மா இருந்தார். கத்திரிச் சத்தம் நின்றது. அதை நான் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன், அடுத்த நோயாளி காத்திருந்தார். அந்த ஒரு நொடி என்னுடையது. அதை உங்கள் தலையில் வைக்கமாட்டேன். மிச்சத்தை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

ராஜினாமா இழுப்பறையில்தான் இருக்கிறது. ஏப்ரல் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, கொடுக்கவில்லை. நேற்றுத் தோள் வலி என்று ஒரு லாரி டிரைவர் வந்தார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கூட வந்த மனைவியைப் பார்த்தார். நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். டிரைவர் இப்போது இதயப் பிரிவில் படுத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

1.7, 1.9, 2.1, 2.3. மெல்ல, நேராக ஏறுகிறது. நல்ல ஏற்றம். அந்தத் துண்டுக் கடிதங்கள் வந்திருக்காவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தங்கமாட்டேன், சாயங்காலம் கிளம்பிவிடுவேன். பல் அளக்கும் ஸ்கேலை எடுத்து வருகிறேன், இனிமேல் அளவை நானே எடுக்கிறேன். வெந்நீரும் துண்டும் மட்டும் தயாராக வையுங்கள்.

வந்து உட்கார்ந்ததும், வேற ஏதாவது இருக்கா அண்ணி என்று கேட்பேன். உங்கள் வாய் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவில் பதில் சொல்லுங்கள். மணிக்கட்டுத் திண்டைக் கட்டியிருங்கள். உங்கள் கையையும் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன்.

எலும்பு